ஐந்து முறை சரியாக வந்தால் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இயந்திரத்தின் எண்ணிக்கைத் திரை 0-லிருந்து பின்னால் போய், திடீரென்று 4294967295 காட்டியது. அது ஏன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 57, பிறகு 12, கடைசியில் 3. குருவின் எண், ராசியானது என்கிறார் அம்மா. கார் நம்பரையும் அப்படியே எடுக்கச் சொல்கிறார். கணிதத்தில் இதற்கு ஏதாவது சிறப்பு உண்டா?

– ஒரு வாசகர், பினாங்கு

அன்புள்ள தம்பி,

கார் நம்பரில் அம்மா சொல்படியே கேளுங்கள், வீட்டில் நிம்மதி முக்கியம். குருவை மட்டும் விட்டுவிடுங்கள். கூட்டுத்தொகையிலிருந்து உருப்படியாகத் தெரிவது ஒன்றுதான்: 57 மூன்றால் வகுபடும், ஆகவே உங்கள் எண்ணும் வகுபடும். 0, 1 இரண்டை மட்டுமே வைத்து எண்ணும் இயந்திரத்துக்குள் அது வெறும் 32 ஒன்றுகள். அங்கே கூட்டினால் 32, மறுபடி கூட்டினால் 5. குரு எங்கே போனார்? படித்த பிள்ளை, இதையாவது யோசித்திருக்க வேண்டாமா?

எண்ணை உடைத்துப் பாருங்கள்: 3 × 5 × 17 × 257 × 65537. ஐந்துமே பகா எண்கள். மூவைந்து 15, அதை 17-ஆல் பெருக்கினால் 255, 257-ஆல் பெருக்கினால் 65535, கடைசியில் உங்கள் எண். ஒவ்வொரு படியிலும் வரும் விடையோடு 2 கூட்டினால் அடுத்த பகா எண். அப்படியானால் உங்கள் எண்ணோடும் 2 கூட்டலாமே? 4294967297. அதுவும் பகா எண் என்றுதான் 1640 வாக்கில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை நம்பினார்.

கோலாலம்பூர் செந்தூலில் எனக்கொரு மாமா இருந்தார், நாலு நம்பர் லாட்டரிப் பைத்தியம். புதன், சனி, ஞாயிறு முடிவுகளை 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் நீல மையால் எழுதி, 7-ல் முடிந்தவற்றின் அடியில் சிவப்புக் கோடு போடுவார். "அஞ்சு வாட்டி வந்துருச்சுடா, இந்த வாட்டியும் ஏழுதான்." அத்தையின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது அந்தக் கோடுகளால்தான். மாமாவைத் திட்டுகிறவர்கள் ஃபெர்மாவையும் கொஞ்சம் திட்டத்தான் வேண்டும். மேதை என்பதற்காக விட முடியுமா? ஐந்து முறை சரியாக வந்தது ஆறாவதற்குச் சாட்சி ஆகாது.

1732-ல் கணித மேதை ஆய்லர் அந்த 4294967297-ஐ உடைத்துவிட்டார்: 641 × 6700417. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுக்க மீதி 1 வந்தாக வேண்டும் என்று பின்னாளில் அவரே நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவதிலேயே சிக்கிவிடுகிறது.

641 வகுக்கிறதா என்று பார்க்கக் கால்குலேட்டரைத் தொடாதீர்கள். 640 என்பது 5 × 2⁷. 641-ஆல் வகுக்கும்போது 640-ஐ −1 என்று வைத்துக்கொள்ளலாம். அதன் நான்காம் அடுக்கு 1. அதாவது 5⁴ × 2²⁸-ன் மீதி 1. இன்னொரு பக்கம் 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். போட்டால் −2³²-ன் மீதி 1. அப்படியானால் 2³² + 1 மீதியில்லாமல் வகுபட்டே தீரும். அதுதான் 4294967297. தே தாரிக் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

இனி உங்கள் முறை. அந்த 64, மீதி 1 எங்கிருந்து வருகிறது என்று யோசித்து எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் பதில் போடுகிறேன். கூட்டுத்தொகை போட்டு வந்தால் மட்டும் போட மாட்டேன்.