வேப்பம்பூவைக் கிட்டத்தில் படம் பிடிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டை மாடியை ஒட்டி ஒரு வேப்பமரம் நிற்கிறது. பங்குனி பிறந்ததும் பூத்துக் கொட்டுகிறது. வாசலில் புங்கமரமும் பூத்திருக்கிறது. என்னிடம் பழைய கேனான் டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் அதோடு வந்த 18-55 எம்.எம். லென்ஸும் உள்ளன. எவ்வளவு நெருங்கினாலும் வேப்பம்பூ சின்னதாகத்தான் விழுகிறது. கொஞ்சம் பெரிதாக வந்தால் கலங்கிவிடுகிறது. இல்லையென்றால் வெள்ளை வெளுத்துப்போய் இதழே தெரிவதில்லை. மேக்ரோ லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் முதலாவது மட்டும்தான் லென்ஸைச் சேர்ந்தது. கலங்குவது பெரும்பாலும் காற்றால், வெளுப்பது வெளிச்ச அளவால். மேக்ரோ லென்ஸ், அதாவது சின்னப் பொருளை மிக நெருங்கிப் பெரிதாக எடுக்கும் லென்ஸ், வந்தால் கலங்கல் இன்னும் கூடும். பூ எத்தனை மடங்கு பெரிதாகிறதோ, அத்தனை மடங்கு அதன் ஆட்டமும் படத்தில் பெரிதாகும்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். விரிந்த வேப்பம்பூ ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலம். உங்கள் 18-55 லென்ஸை 55-இல் வைத்து, ஃபோகஸ் ஆகும் மட்டும் நெருங்கினால், படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சுமார் 6 சென்டிமீட்டர் இடம் அடங்கும். அதில் வேப்பம்பூ ஆறில் ஒரு பங்குதான். சரக்கொன்றைப் பூ 4 முதல் 7 சென்டிமீட்டர் வரை விரியும் என்பதால் அதே லென்ஸில் படம் முழுக்க நிறைந்து நிற்கும். அதனால் உங்கள் கை பழகுவதற்குக் கொன்றைதான் சரியான பூ. அதன் கேசரங்கள் பத்தில் மூன்று மட்டும் நீண்டு வளைந்து வெளியே வந்திருக்கும். அந்த வளைவை ஒருமுறை கூர்மையாகப் பிடித்துவிட்டால் பாதி வித்தை வசப்பட்ட மாதிரி. புங்கம்பூ இரண்டுக்கும் நடுவில், ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். வேப்பம்பூதான் இந்த மூன்றில் கடினமானது. சின்னது, வெள்ளை, தொங்கும் கொத்தில் ஓயாமல் ஆடுவது. ஆனாலும் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். இதழ்களுக்கு நடுவே எழும் அந்தக் குட்டிக் குழலை வெறுங்கண்ணால் நின்று பார்த்தவர்கள் குறைவு.

ஒரு சந்தேகம் பலருக்கும் உண்டு. ஃபோகஸ் ஆகும் குறைந்த தூரம் 25 சென்டிமீட்டர் என்று லென்ஸில் எழுதியிருக்கிறதே, நான் அதைவிடக் கிட்டப் போகிறேனே என்று கேட்பார்கள். அந்த அளவு லென்ஸின் முகப்பிலிருந்து எடுப்பதல்ல, கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்ஸாரிலிருந்து எடுப்பது. கேமராவின் மேற்புறம் ஒரு சிறு வட்டத்தைக் கோடு வெட்டிப் போவதுபோல ஒரு குறி இருக்கும். சென்ஸார் இருக்கும் இடம் அதுதான்.

வேப்பம்பூவுக்கு நீங்கள் வாங்க வேண்டியது எக்ஸ்டென்ஷன் டியூப். கண்ணாடியே இல்லாத வெறும் வளையம் அது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டினால் லென்ஸ் சென்ஸாரிலிருந்து தள்ளிப்போகும், பூவை இன்னும் நெருங்க முடியும். கணக்கு எளிது. 21 எம்.எம். வளையத்தை 55 எம்.எம். லென்ஸில் மாட்டினால், 21-ஐ 55-ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது 0.38 மடங்கு உருப்பெருக்கம் கூடுகிறது. சென்ஸாரில் விழும் உருவம் உண்மைப் பூவைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் உருப்பெருக்கம். லென்ஸுக்கே உள்ள 0.36-உடன் சேர்த்தால் ஏறத்தாழ 0.74. இப்போது படத்தில் 3 சென்டிமீட்டர் அகலம்தான் அடங்கும், வேப்பம்பூ மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். முழு மேக்ரோ லென்ஸின் விலையோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. வாங்கும்போது உள்விளிம்பில் செம்புநிறப் புள்ளிகள், அதாவது மின்தொடர்புகள், இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். அவை இல்லாத மலிவு வளையத்தில் கேமராவால் அபர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை, மாற்ற முடியாது. வளையத்தை மாட்டியபின் தூரத்தில் உள்ள எதுவும் ஃபோகஸ் ஆகாது, பயந்துவிடாதீர்கள். லென்ஸ் பூவுக்கு நாலு விரற்கடைத் தூரம் வரை போய்விடும் என்பதால் உங்கள் நிழலும் லென்ஸின் நிழலும் பூமேல் விழாமல் நிற்கப் பழக வேண்டும்.

இனி காற்று. இதில்தான் அதிகம் கவனம் வைக்க வேண்டும். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தியும் படம் கலங்குகிறது என்று என்னிடம் வருந்துபவர்கள் ஏராளம். ஸ்டாண்ட் கேமராவைத்தான் நிறுத்தும். லென்ஸில் உள்ள ஐ.எஸ். என்ற நடுக்கத் தடுப்பு உங்கள் கைநடுக்கத்தைத்தான் ஈடுகட்டும். கிளையின் ஆட்டத்தை இரண்டாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பொழுது விடிந்து எட்டு மணி வரைதான் உங்களுக்கான நேரம். வெயில் ஏற ஏறத் தரை சூடாகிக் காற்று கிளம்பிவிடும். அந்த அதிகாலையிலும் கொத்து முழுக்க அசையாமல் நிற்காது. ஆனால் ஆடும் எதுவும் ஒரு கோடிக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கணம் நிற்கும், ஊஞ்சல் உச்சியில் நிற்பதுபோல. ஐந்து நிமிடம் கேமராவைத் தொடாமல் கொத்தையே பார்த்துக்கொண்டிருங்கள், அதன் தாளம் பிடிபடும். அந்த நிற்கும் கணத்தில் ஷட்டரை அழுத்துங்கள். ஷட்டர் வேகம் 1/500 விநாடிக்குக் குறைய வேண்டாம். அதற்காக ஐ.எஸ்.ஓ., அதாவது சென்ஸார் ஒளியை உணரும் அளவு, 800, 1600 என்று ஏறினால் ஏறட்டும். அதனால் வரும் மணல் தூவியதுபோன்ற புள்ளிகளைப் பிறகு கணினியில் குறைத்துக்கொள்ளலாம், கலங்கிய படத்தை எதனாலும் மீட்க முடியாது.

கிளையை நிறுத்தவும் ஒரு வழி உண்டு. கொடியில் துணி மாட்டும் கிளிப்பை ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் கட்டி, குச்சியை மாடிச் சுவரோடு சேர்த்து நிறுத்துங்கள். கொத்தின் காம்பைப் பூவுக்குச் சற்று மேலே, நசுங்காதபடி கிளிப்பில் ஒரு துண்டுத் துணி வைத்துப் பிடியுங்கள். ஆட்டம் முக்கால்வாசி அடங்கிவிடும்.

ஃபோகஸைக் கேமராவிடம் விடாதீர்கள். இவ்வளவு நெருக்கத்தில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடித் தவிக்கும். லென்ஸில் உள்ள பொத்தானை எம்.எஃப். (கையால் ஃபோகஸ்) என்ற பக்கம் தள்ளிவிட்டு, பூ எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அந்த அளவில் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை நிறுத்துங்கள். பிறகு அதைத் திருக வேண்டாம். முழங்கைகளை மாடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு, உடம்பை நெல்முனையளவு முன்னும் பின்னும் சாய்த்து, பூ தெளியும் இடத்தில் தொடர்ச்சியாக ஐந்தாறு படம் எடுங்கள். அவற்றில் ஒன்று தேறினால் போதும்.

எது தெளிய வேண்டும் என்பதை முன்பே தீர்மானிக்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் தெளியாது. அபர்ச்சர் எஃப் 8-இல் (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்), எக்ஸ்டென்ஷன் வளையம் மாட்டாத லென்ஸில், சுமார் 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தெளிவு கிடைக்கும். வளையம் மாட்டியபின் அது 1 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். வேப்பம்பூவின் குழல் இதழ்களைவிட்டு அதற்கும் மேலாகவே எழுந்து நிற்கிறது. ஆகவே நேர் முன்னிருந்து எடுத்தால் குழலின் வாய் தெளியும், இதழ்கள் மங்கும். குழல் வாயைச் சுற்றியிருக்கும் மகரந்தப் பைகள் கூர்மையாக இருந்தால் பார்ப்பவர் கண் மங்கிய இதழ்களை மன்னித்துவிடும். பக்கவாட்டிலிருந்து, குழலும் இரண்டு இதழ்களும் லென்ஸுக்கு ஒரே தூரத்தில் வரும்படி நின்றால் மூன்றும் தெளியும். எனக்கு இந்தப் பக்கவாட்டுக் கோணமே பிடிக்கும். தெளிவு கூட வேண்டுமென்று எஃப் 22 வரை போகாதீர்கள். துளை மிகச் சிறுத்தால் ஒளி விளிம்பில் சிதறி, படம் முழுதுமே மழுங்கும். எஃப் 8, எஃப் 11 போதும்.

வெளுத்துப்போவதற்கு வருகிறேன். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் படம் முழுவதையும் சராசரியாக்கிப் பார்க்கிறது. கரும்பச்சை இலைகளுக்கு நடுவே நாலு வெள்ளைப் பூ இருந்தால், காட்சி இருட்டு என்று எண்ணிப் படத்தை வெளிச்சமாக்கும். இலை அழகாகத் தெரியும், பூ வெந்துபோகும். கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 2/3-இல் வைத்துத் தொடங்குங்கள், போதவில்லை என்றால் மைனஸ் 1. கொன்றையில் இதே தொல்லை வேறு வேஷத்தில் வரும். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் சரியாக இருப்பதாகக் காட்டும், ஆனால் மஞ்சளில் சிவப்பு அலைவரிசை மட்டும் நிரம்பி வழிந்திருக்கும், இதழின் நரம்புகள் காணாமல் போயிருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள். சென்ஸார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபார்மட்டில் எடுத்து வையுங்கள்.

நேர்வெயில் பட்டால் மட்டும் ஒரு வெள்ளை வேட்டித் துண்டை, நைந்ததாக இருந்தால் இன்னும் நல்லது, யாரையாவது பூவுக்கு மேலே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெயில் வடிகட்டிய மாதிரி இறங்கும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டை வைத்தால் நிழல் இளகும். ஃபிளாஷ் இப்போது வேண்டாம்.

பின்புலத்துக்கு, பூவுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் வெறுமையாக இருக்கிறது என்று பாருங்கள். மாடியிலிருந்து எடுக்கும் உங்களுக்கு இது பெரிய வசதி. அரையடி நகர்ந்தால் வானம் போய், தூரத்துத் தோப்பின் பச்சை வந்துவிடும்.

செல்போனில் எடுப்பதானால் ஒட்டிப் போகாதீர்கள். பல போன்கள் மிக நெருங்கியதும் அகலக்கோண லென்ஸுக்குத் தாமாக மாறி, பூவின் வடிவையே கோணலாக்கிவிடும். ஒரு சாண் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து, பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிக்கொள்ளுங்கள்.

வாசல் புங்கமரத்துக்கு வளையமே வேண்டாம். அதன் பூக்கள் உதிர்ந்து தரையில் பொரி இறைத்ததுபோலக் கிடக்குமே, அங்கே ஒரு சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, எஃப் 5.6-இல், முன்வரிசையில் மல்லாந்து கிடக்கும் ஒரே ஒரு பூவில் ஃபோகஸ் செய்யுங்கள். பின்னால் உள்ளதெல்லாம் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகக் கரைந்து நிற்கும். வாசல் பெருக்கும் முன் எடுத்தாக வேண்டும், வீட்டில் சொல்லி வையுங்கள். வேப்பம்பூ பச்சடிக்காகச் சித்திரைக்கு முன் மரத்தடியில் பழம்புடவை விரித்துப் பூ சேர்க்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் புடவையில் விழுந்த பூவையும் இப்படியே எடுக்கலாம். காற்றின் தொல்லையே இல்லை.

இந்தப் பருவம் முழுக்க இப்படிப் பழகியபின்னும், பூவின் குழல் இன்னும் பெரிதாக விழ வேண்டும் என்ற ஆசை தீராவிட்டால் அப்போது மேக்ரோ லென்ஸ் வாங்குங்கள். 90 அல்லது 100 எம்.எம். ஆக இருக்கட்டும். 1:1 உருப்பெருக்கத்திலும், அதாவது பூ தன் உண்மை அளவிலேயே சென்ஸாரில் விழும்போதும், பூவுக்கும் லென்ஸுக்கும் நடுவே கை நுழையும் அளவு இடம் விடும், நிழல் விழாது, பூவில் மேயும் கொசுத் தேனீயும் கலைந்து போகாது. 1:1 என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பல ஜூம் லென்ஸ்களின் மேல் மேக்ரோ என்று எழுதியிருந்தாலும், உங்கள் வளையம் தரும் அளவைக்கூட அவை எட்டாது.