வி.பி.என். இணைந்தது, சர்வர் எங்கே?

கேள்வி: எங்கள் அலுவலக சர்வரின் முகவரி 192.168.1.10. கைப்பேசி டேட்டாவில் இருந்து வி.பி.என். (இணையம் வழியே அலுவலக நெட்வொர்க்குக்குள் செல்லும் பாதுகாப்பான தனிப்பாதை) வழியாக அதைத் திறக்க முடிகிறது. வீட்டு வைஃபையில் வி.பி.என். இணைந்துவிட்டதாகக் காட்டினாலும் சர்வர் மட்டும் கிடைப்பதில்லை. ஏன்?

பதில்: கைப்பேசி டேட்டாவில் வேலை செய்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டதால், அலுவலகப் பக்கத்துப் போர்ட் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாயில்), கடவுச்சொல் எதையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டு ரவுட்டரின் முகவரியைப் பாருங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 ஆக இருக்கும். வீடும் அலுவலகமும் ஒரே முகவரி வரிசையில் இருக்கும்போது, 192.168.1.10 எங்கே என்று கேட்டால் கணினி அதை வீட்டுக்குள்ளேயே தேடும், வி.பி.என். பக்கம் திரும்பியும் பார்க்காது. வீட்டு ரவுட்டரின் வரிசையை மாற்றினால் உங்களுக்குத் தீர்ந்துவிடும். ஆனால் நாளை இன்னொரு ஊழியர் இதே புகாருடன் வருவார். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, அலுவலக வரிசையையே 10.47.20.0 போன்ற, வீடுகளில் அரிதாகக் காணப்படும் ஒன்றுக்கு மாற்றிவிடுவதே நல்லது என்பேன். அப்போது பிரின்டர், கேமரா, வருகைப்பதிவுக் கருவி ஆகியவற்றில் கையால் பதித்த பழைய முகவரிகளையும், வி.பி.என். அமைப்பில் எழுதியுள்ள வரிசையையும் சேர்த்து மாற்ற வேண்டும். பலர் மறப்பது இந்தக் கடைசி ஒன்றைத்தான்.

கேள்வி: அலுவலகத்துக்குப் புதிய ஃபைபர் இணைப்பு எடுத்த நாள் முதல் வி.பி.என். இணையவே இல்லை. வெளியிலிருந்து வரும் அழைப்பை ரவுட்டர் உள்ளே அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் அமைப்பு முன்பு இருந்தபடியேதான் இருக்கிறது.

பதில்: ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் உள்ள வான் (WAN) ஐ.பி.யையும், அதாவது ரவுட்டரின் இணையப் பக்கத்து முகவரியையும், உங்கள் ஐ.பி. என்ன என்று காட்டும் ஏதேனும் ஓர் இணையதளம் தரும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, வான் ஐ.பி. 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிரும் சிஜிநாட் முறையில் உங்களை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். 2012-இல் இந்த வரிசை அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் அழைப்பு நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடுவதால், உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. நிலையான பொது ஐ.பி.யைக் கட்டணம் செலுத்திப் பெறுவது எளிய வழி. அது கிடைக்காவிட்டால், பொது முகவரியுள்ள சிறிய கிளவுட் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அலுவலகமும் ஊழியர்களும் அதனுடன் இணையுமாறு அமைக்கலாம். வான் ஐ.பி. 192.168 என்று தொடங்கினால், ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது என்று முதலில் கருதலாம்; அதை, இணைப்பை மட்டும் கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: வயர்கார்டு என்ற வி.பி.என். மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) வருகிறது, சிறிய கோப்புகள் திறக்கின்றன. பெரிய கோப்பு மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது.

பதில்: எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் (தரவுத் துண்டின்) உச்ச அளவைச் சந்தேகிக்கிறேன். ஈதர்நெட் எனும் கம்பி நெட்வொர்க்கில் இதன் வழக்கமான அளவு 1500 பைட். பிபிபிஓஇ இணைப்பு (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) அதில் 8 பைட்டையும், வயர்கார்டு பழைய முகவரி முறையான ஐபிவி4 மீது 60 பைட்டையும் புதிய முறையான ஐபிவி6 மீது 80 பைட்டையும் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே பிபிபிஓஇ-யில் ஐபிவி6 வழியாக இணைபவருக்கு 1412 பைட்டே மிஞ்சும். வயர்கார்டு வழக்கமாக வைத்துக்கொள்வதோ 1420. இந்த 8 பைட் வேறுபாடு சிறிய பாக்கெட்டுகளைத் தொடாது, நிரம்பி வரும் பாக்கெட்டுகளை மட்டுமே விழுங்கும். இரு முனைகளிலும் எம்டியுவை 1280 என்று வைத்துப் பாருங்கள். கோப்பு முழுமையாக வந்துவிட்டால், பிறகு சிறிது சிறிதாக உயர்த்தலாம்.

கேள்வி: இவ்வளவு சிரமம் எதற்கு? அலுவலகக் கணினியின் திரையைத் தொலைவிலிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை நேராகத் திறந்துவிடலாமா?

பதில்: கூடாது. அந்தப் போர்ட்டைத் தேடி இணையம் முழுவதையும் துழாவும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. எண்ணை மாற்றி வைத்தாலும் கண்டுபிடித்துவிடும். முன்பே திறந்திருந்தால் இன்றே மூடிவிட்டு, சர்வரின் உள்நுழைவுப் பதிவுகளில் தோல்வியுற்ற முயற்சிகள் எத்தனை என்று பாருங்கள்.