பழைய போட் மோட்டாரில் பெட்ரோல் வழிகிறது

கேள்வி: அப்பா காலத்து ஜான்சன் அவுட்போர்டு மோட்டார். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்து, புகை கக்கி நின்றுவிடுகிறது. கார்புரேட்டரையே மாற்றிவிடவா?
- வாசகர், சயான் கோலிவாடா, மும்பை

பதில்: அவசரப்படாதீங்க. பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் ஃப்ளோட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை) கார்க்கால் ஆனது, மேலே ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள் அல்லவா, அது அந்தப் பூச்சைக் கரைத்துவிடும். கார்க் பெட்ரோலைக் குடித்துக் கனத்து முங்கினால், பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் வால்வு மூடவே மூடாது, அப்புறம் வழியாமல் என்ன செய்யும்? பிளாஸ்டிக் ஃப்ளோட், நீடில், அது உட்காரும் சீட், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் இவற்றை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும். குர்லா சிஎஸ்டி ரோடு உதிரிபாகக் கடைகளில் தேடலாம்தான், ஆனால் மாடல் நம்பர் இல்லாமல் போகாதீங்க, பார்க்க ஒன்றுபோல இருப்பதெல்லாம் பொருந்தாது.

பெட்ரோல் பாயும் சிறு துளையுள்ள ஜெட்டைக் கார்புரேட்டர் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தும் மெக்கானிக்கிடம் கொடுக்கவே வேண்டாம், துளை பெரிதானால் அந்த ஜெட் அவ்வளவுதான். மாட்டும்போது கார்புரேட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள், கேஸ்கெட் உட்காரும் முகத்துக்கு ஃப்ளோட் இணையாக நிற்க வேண்டும்.