என் பழைய பென்ஸ் எஸ்எல்கே காரில் கியர்பாக்ஸ் ஆயில் ஒழுகுகிறது. கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

மாற்ற வேண்டி வரலாம், வராமலும் போகலாம். ஆனால் ஒழுகும் இடத்தைத் துடைத்துக்கூடப் பார்க்காமல் அப்படிச் சொன்னவரிடம் ஒரு திர்ஹம்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: துபாயில் இருக்கிறீர்கள், 2007 மாடல் எஸ்எல்கே 200 கொம்ப்ரசர், ஆட்டோமேட்டிக். நிறுத்தும் இடத்தில் சிவப்புத் துளி. சில நேரம் வண்டி இரண்டாவது கியரிலேயே நின்றுவிடுகிறது. பழைய கியர்பாக்ஸ் ஒன்று வாங்கிப் போட 4,500 திர்ஹம் கேட்கிறார்கள். பாசிங், அதாவது பதிவைப் புதுப்பிக்க வண்டியைச் சோதிக்கும் தேதியும் நெருங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். இந்த ஊரில் கார் வைத்திருப்பவருக்கு லீக் பற்றி ராத்திரித் தூக்கம் போவது பாசிங்குக்கு முந்தைய வாரத்தில்தான்.

நான் சங்ககிரி லாரிப் பட்டறையில் தொழில் பழகியவன். ஐடிஐ முடித்துவிட்டு வந்து, ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஜெர்மன் வண்டிகள் மட்டும் பார்க்கும் ஒரு கராஜில் வருடக்கணக்காக வேலை செய்கிறேன். கம்பெனி டிரெயினிங் போகாதவன் பேச்சை எப்படி நம்புவது என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் சொல்வதை உங்கள் வண்டிக்கு அடியில் படுத்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். நம்பிக்கைக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

போன கோடையில் உங்கள் கதையைப் போலவே ஒரு வண்டி எங்களிடம் வந்தது. அதே எஸ்எல்கே 200, வெள்ளி நிறம். வைத்திருந்தவர் கோயமுத்தூர்க்காரர், கணக்கு வேலை பார்க்கும் சின்னப் பையன். ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். வேறொரு கராஜில் "முன்னால இருக்கற பம்ப் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸ் ஓவரால் பண்ணணும், இல்லேன்னா வேற கியர்பாக்ஸ்" என்று சொல்லியிருக்கிறார்கள். "ஏனுங்ணா, வித்துடலாமுங்களா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். "தம்பி, மொதல்ல தொடைச்சுப் பாப்போம். விக்கறதப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றேன்.

லிஃப்டில் ஏற்றினால் அடிப்பக்கம் முழுக்க எண்ணெயும் மண்ணும் கலந்து கறுப்பாக அப்பியிருந்தது. இந்த நிலையில் எந்த மெக்கானிக் எந்த சீலைக் கை காட்டினாலும் அது ஊகம்தான். முன்னால் ஒழுகும் ஆயில் ஓட்டத்தில் காற்றோடு பின்னால் போய்ச் சேரும். மேலே கசிவது வழிந்து கீழே வந்து சொட்டும். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு வேறு ஆயிலைத் தேக்கி வைத்து, எங்கோ ஒரு ஓட்டை வழியாக விடும். அதனால் தரையில் துளி விழுந்த இடத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நனைந்திருக்கும் இடங்களில் மிக உயரமானது எது, மிக முன்னால் இருப்பது எது என்றுதான் தேட வேண்டும்.

அடித்தட்டைக் கழற்றி, டீகிரீசர் போட்டுக் கழுவி, இடுக்குகளில் பிரேக் கிளீனர் அடித்து, காற்றுப் பிடித்துக் காய வைத்தோம். பிரஷர் வாட்டரை வயர் பிளக் பக்கம் காட்டவே கூடாது, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கியர்பாக்ஸ் ஆயிலில் யூவி டை, அதாவது யூவி விளக்கில் மின்னும் சாயம், கொஞ்சம் ஊற்றி, வண்டி நன்றாகச் சூடாகும் வரை மலிஹா ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து மறுபடி தூக்கினோம்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடி காய்ந்து கிடந்தது. பம்ப் சீலோ எஞ்சினின் பின் சீலோ போயிருந்தால் ஆயில் அங்கேதான் வழிந்திருக்கும். ஆக, கியர்பாக்ஸ் மாற்றும் பேச்சு அந்த நிமிடமே முடிந்துவிட்டது. ரேடியேட்டருக்குப் போகும் கூலர் பைப்புகளில் ரப்பரும் இரும்பும் சேரும் மடிப்புகளைப் பார்த்தோம், அவையும் சுத்தம். பின்பக்க அவுட்புட் சீலும் சுத்தம். கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் பானின் வலது ஓரம் மட்டும் ஈரம். அது பான் கேஸ்கெட்டாக இருக்கும் என்று பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். எங்கள் கராஜ் பையன் யூவி விளக்கை ஒரு சாண் மேலே தூக்கினான். கியர்பாக்ஸின் வலது பக்கத்தில் செருகியிருக்கும் வட்டமான வயர் பிளக்கின் அடியில் பச்சையாக ஒரு கோடு மின்னியது.

அந்த இடம்தான். உங்கள் காரில் இருப்பது 722.6 என்ற ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். 1996ல் வந்த கியர்பாக்ஸ், பென்ஸில் எத்தனையோ மாடல்களில் உண்டு. அதற்குள் இருக்கும் எலெக்ட்ரிக்கல் தட்டுக்கு வெளியிலிருந்து 13 பின் பிளக் ஒன்று போகிறது. பிளக்குக்கும் கியர்பாக்ஸ் உடம்புக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷிங், அதைச் சுற்றி இரண்டு ஓரிங், அதாவது ரப்பர் வளையம். கியர்பாக்ஸ் சூட்டிலேயே வருடக்கணக்கில் வெந்து அந்த ஓரிங் கெட்டியாகிவிடும். இந்த ஊர் வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிளக்கின் வளையத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் பூட்டு விட்டுவிடும். இழுத்தோம். பின்களுக்கு நடுவில் சிவப்பு ஆயில் தளும்பி நின்றது. உள்ளே 7 எம்எம் தலையுள்ள ஒரு சின்ன போல்ட். அதைக் கழற்றி புஷ்ஷிங்கை வெளியே எடுத்தால் கொஞ்சம் ஆயில் கூடவே வரும், பயப்பட வேண்டாம். ஓரிங்கை எடுத்து அந்தக் கோயமுத்தூர்த் தம்பியின் உள்ளங்கையில் வைத்தேன். உருண்டையாக இருக்க வேண்டிய ரப்பர் பக்கவாட்டில் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளமே விழாமல் கல்லாட்டம் இருந்தது. "இவ்வளவுதானுங்களா?" என்றார். அந்த லீக்குக்கு இவ்வளவுதான். ஓரிங்கோடு வரும் புது புஷ்ஷிங், விலை கியர்பாக்ஸ் பேரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஓரிங்கில் புது ஆயிலைத் தடவி, நேராக உள்ளே அழுத்தி, அந்தச் சின்ன போல்ட்டை அளவாக முறுக்க வேண்டும். கீழே பிளாஸ்டிக் என்பதை மறந்து பலத்தைக் காட்டினால் புதுசும் உடையும்.

ஆனால் உங்கள் வண்டி இரண்டாவது கியரில் நிற்கிறது என்றீர்களே, அதை இந்த ஓரிங்கோடு சேர்த்துப் பாருங்கள். பிளக்கில் தேங்கும் ஆயில் அங்கேயே நிற்காது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, வயரின் செம்பு இழைகளுக்கு நடுவில் ஏறி ஏறி கியர்பாக்ஸ் கன்ட்ரோல் மாட்யூல் வரை போய்விடும். மாட்யூல் சில மாடல்களில் பயணி காலடிக் கார்பெட்டுக்குக் கீழே இருக்கும், சிலவற்றில் எஞ்சின் பக்கம் ஒரு பெட்டிக்குள் இருக்கும். அங்கே பிளக்கைக் கழற்றிப் பின்களை வெள்ளைத் துணியால் தொட்டுப் பாருங்கள். துணி சிவந்தால் ஆயில் அங்கே வந்துவிட்டது என்று அர்த்தம். சிக்னல் தப்பாகப் போனால் கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள லிம்ப் மோடுக்குப் போகும். வண்டியை நிறுத்தி மறுபடி எடுத்தால் இரண்டாவது கியரும் ரிவர்சும் மட்டும்தான் கிடைக்கும். அந்தத் தம்பியின் வண்டியில் இரண்டு முனையையும் காண்டாக்ட் கிளீனர் அடித்துக் கழுவி, காய வைத்து, ஸ்கேனரில் பிழைக் கோடு (code) அழித்து ஓட்டினோம், சரியாகிவிட்டது. வயருக்குள் ஏற்கெனவே ஏறிய ஆயில் கொஞ்ச நாளைக்கு மெல்ல வந்துகொண்டுதான் இருக்கும். அதனால் மறுபடி ஒரு தடவை திறந்து துடைக்கச் சொல்லித்தான் அனுப்பினேன்.

இதைப் படித்துவிட்டு "லிம்ப் மோடு என்றாலே ஓரிங் என்கிறார்" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் அப்படிச் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் அந்த எலெக்ட்ரிக்கல் தட்டிலேயே ஸ்பீட் சென்சார்கள் இருக்கின்றன. அவை செத்தாலும் இதே மாதிரிதான் நிற்கும். அப்போது பானைக் கழற்றி, வால்வ் பாடியை இறக்கித் தட்டையே மாற்ற வேண்டும். பிழைக் கோடு படித்துப் பார்த்தால்தான் தெரியும். பெல் ஹவுசிங்கில் சிவப்பு ஆயில் வழிந்தால் கியர்பாக்ஸை இறக்காமல் வழியில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். எஸ்எல்கே 350 வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: உங்களுடையது ஏழு கியர் 722.9. அதிலும் இந்தப் பிளக் புஷ்ஷிங் கசியும், ஆனால் கன்ட்ரோல் மாட்யூல் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும், லெவல் பார்க்கும் முறையும் வேறு. பின்னால் வந்த 722.9களில் ஆயிலே நீல நிறம், சிவப்பைத் தேடி ஏமாறாதீர்கள்.

லெவல் விஷயத்தில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆயில் ஊற்றும் குழாய் எஞ்சின் பக்கம் இருக்கும், மூடியில் ஒரு பிளாஸ்டிக் பூட்டு. திறந்தால் டிப்ஸ்டிக் இருக்காது. அளக்கும் கம்பியைத் தனியாக வாங்க வேண்டும். கியர் பார்க்கில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 80 டிகிரி சூட்டில் இருக்கும்போது அளக்க வேண்டும். சூட்டை ஸ்கேனரில் பாருங்கள், கையால் தொட்டுச் சொல்பவரை நம்பாதீர்கள். குளிர்ந்த வண்டியில் சூட்டுக் கோடு வரை நிரப்பினால் ஆயில் அதிகமாகி, நுரைத்து, வேறு இடத்தில் கக்கும். அதைப் புது லீக் என்று சொல்லி மறுபடி பில் போடுவார்கள். கம்பியைத் துடைக்க நூல் உதிரும் வேஸ்ட் வேண்டாம். ஒரு நூல் உள்ளே போனாலும் வால்வுக்கு ஆகாது.

ஆயில் கறுத்திருந்தால் இதோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். இந்தக் கியர்பாக்ஸுக்கு ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு 60,000 கிலோமீட்டர் வாக்கில் மாற்றச் சொன்னார்கள். "லைஃப்டைம் ஆயில்" என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பானை இறக்கினால் ஏறக்குறைய 4 லிட்டர் வரும். புது ஃபில்டர், புது கேஸ்கெட், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். பான் போல்ட்டுக்கு 8 நியூட்டன் மீட்டர் போதும். பென்ஸின் 236.14 ஒப்புதல் என்று டப்பாவில் அச்சிட்ட ஆயிலை வாங்குங்கள். லீக்கை அடைக்கும் திரவம் என்று விற்கிறார்களே, அதைக் கியர்பாக்ஸ் பக்கம் கொண்டு போகாதீர்கள். அது ரப்பரை ஊத வைக்கும் மருந்து. கல்லாகிப்போன ஓரிங் அதில் திரும்பி வராது, நல்லா இருக்கும் சீலும் கெடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இந்தத் தளத்திலேயே "மெக்கானிக் என்றாலே திருடன்" என்று எழுதுகிறார்கள். யூவி விளக்கை ஒரு சாண் மேலே தூக்கினான் என்றேனே, அந்தப் பையனுக்கு ஊரில் பெண் பார்க்கிறார்கள். ஜாதகம் பொருந்தி, பேசி, கடைசியில் "மாப்பிள்ளை மெக்கானிக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏசி அறையில் உட்கார்ந்து "கியர்பாக்ஸ் மாத்துங்க" என்று பில் எழுதுபவருக்கு அட்வைசர் என்று மரியாதை. வண்டிக்கு அடியில் படுத்து, வேர்வை கண்ணில் வழிய, அடுத்தவர் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தவனுக்குப் பெண் இல்லை. அவனைவிட நேர்மையான கையை இந்தத் தொழிலில் நான் பார்த்ததில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்று ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் துளியைப் பாருங்கள்: சிவப்பும் வழவழப்பும் என்றால் கியர்பாக்ஸ். பழுப்போ கறுப்போ என்றால் எஞ்சின் ஆயிலாகவும் இருக்கலாம், கறுத்த கியர் ஆயிலாகவும் இருக்கலாம். உங்கள் எஞ்சினில் முன்பக்கம் கேம்ஷாஃப்ட் மேக்னெட்டுகளும் கசியும், அந்த ஆயிலும் இதே மாதிரி வயருக்குள் ஏறும், அதையும் பார்த்துவிடுங்கள். பிறகு கராஜுக்குப் போய், "கழுவிக் காய வைத்து, ஓட்டிவிட்டு வந்து, எங்கே கசிகிறது என்று எனக்கு நேரில் காட்டுங்கள், அதற்குத் தனியாகக் காசு தருகிறேன்" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷமாகச் செய்வார். வேலை முடிந்ததும் அடிப்பக்கத்தை இன்னொரு தடவை கழுவிவிட்டு பாசிங்குக்குப் போங்கள். பழைய ஆயில் ஒட்டியிருந்தால் சோதிப்பவருக்கு அதுவும் லீக்தான், திருப்பி அனுப்பிவிடுவார்.