கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸை வைத்தே பின்னணியிலிருந்து ஆளைப் பிரித்துக் காட்ட முடியுமா, 50 எம்எம் லென்ஸ் வாங்கியே ஆக வேண்டுமா?

முடியும். நான் இரண்டு வருடம் 18-55 கிட் லென்ஸை மட்டும் வைத்துத்தான் ஓட்டினேன். ஆரம்பத்தில் எடுத்ததைக் காட்டினால் சிரிப்பீர்கள். பாளையங்கோட்டை வீட்டில் ஆச்சியைச் சுவரோரம் நிறுத்தி எடுத்த படத்தில், ஆச்சி தலையிலிருந்து காலண்டர் முளைத்திருந்தது. லென்ஸ் சரியில்லை என்று தெருமுக்கு ஸ்டூடியோ அண்ணாச்சியிடம் புலம்பினேன். படத்தைப் பார்த்துவிட்டு, "ஆள பல்லி மாரி சுவத்துல ஒட்ட வச்சிட்டு லென்ஸ குத்தம் சொல்லுதியால?" என்றார்.

பிறகு கணக்குப் போட்டும் பார்த்தேன். கேமராவிலிருந்து ஆள் 5 அடி. 50 எம்எம் லென்ஸை 1.8-ல் (இந்த எண் சிறிதானால் துவாரம் பெரிது) திறந்தாலும், சுவர் ஆளுக்குப் பின்னால் ஒன்றரை அடியில் இருந்தால் பெரிதாக மங்காது. கிட் லென்ஸை 55 எம்எம்முக்கு ஜூம் இழுத்து 5.6-ல் வைத்து, சுவரிலிருந்து ஆளை 15 அடி தள்ளிக் கொண்டுவந்தால் அதைவிட அதிகமாக மங்கும். லென்ஸின் துவாரம் 50 எம்எம்மில் 28 மில்லிமீட்டர், கிட் லென்ஸில் 10தான். அந்தக் குறையை இடைவெளி ஈடுகட்டிவிடுகிறது.

மங்கலை விட எனக்குப் பிடித்தது வெளிச்சத்தால் பிரிப்பது. நெல்லை குறுக்குத்துறையில் ஆற்றங்கரைக் கல்மண்டபம் எதிலாவது ஆளை விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே, நிழலில், வெளியே பார்க்க நிறுத்துங்கள். நீங்கள் வெளியே இறங்கி நின்று எடுங்கள். வெளி வெளிச்சம் முகத்தில் விழும். முதுகுக்குப் பின்னால் மண்டபம் இருட்டாக இருக்கும், தூண்களெல்லாம் தானாக அமுங்கிவிடும். கேமரா அந்த இருட்டைப் பார்த்து ஏமாந்து முகத்தை வெளுக்க வைக்கும். அதனால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது உள்ளே விழும் வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சியின் நரைமுடி அங்கே வெள்ளிக் கம்பியாகத் தெரிந்தது. அதே இடத்தில் மச்சினனை எடுத்தால், கறுத்த முடி இருட்டோடு கரைந்து முகம் மட்டும் மிதந்தது! அப்புறம் வாழைத்தோட்டத்தில், சாயங்கால வெயிலை அவன் முதுகுப்பக்கம் வைத்து எடுத்தபோதுதான் தலையைச் சுற்றி ஒரு ஒளிக்கோடு கிடைத்தது. (பச்சைச் சட்டையில் வந்திருந்தான். விட்டிருந்தால் வாழையோடு வாழையாகப் போயிருப்பான்.)

போனில் உள்ள போர்ட்ரெய்ட் மோட் அவசரத்துக்குச் சரி. பறக்கும் முடியையும் தலையில் வைத்த பூவையும் பல நேரம் அது பின்னணியோடு சேர்த்து மங்கலாக்கிவிடும்.

50 எம்எம்மும் கடைசியில் வாங்கத்தான் செய்தேன். 5 அடியில் 1.8-ல் எடுத்தால், தெளிவாக விழுகிற ஆழம் ஏறக்குறைய இரண்டரை அங்குலம்தான். கண்ணில் ஃபோகஸ் வைத்து ஆச்சியை எடுத்து, பின்னணி வெண்ணெயாக உருகிய பெருமையில் கொண்டுபோய்க் காட்டினேன். ஆச்சி உற்றுப் பார்த்துவிட்டு, "காதுல கெடந்த பாம்படம் எங்கல போச்சி?" என்றாள். இப்போது ஆச்சி என்றால் அந்த லென்ஸிலும் 5.6தான்.