கார் ஆயில் ஊற்றியதால் கிளட்ச் வழுக்குகிறதா?

வணக்கம் நண்பரே. கார் சர்வீஸில் மிஞ்சிய 5டபிள்யூ-30 ஆயிலை ஸ்ப்ளெண்டருக்கு ஊற்றினீர்கள், இப்போது மேட்டில் முறுக்கினால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்கிறீர்கள். இது கிளட்ச் வழுக்கல்தான்.

காரில் கிளட்ச் தனியாக, ஆயில் படாமல் இருக்கும். உங்கள் பைக்கில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. மைலேஜுக்காகக் கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்ப்பார்கள். அது கிளட்ச் தட்டுகளின் பிடியையும் சேர்த்துக் குறைத்துவிடும். விலை கூடிய ஆயில் என்பதால் நல்லது செய்யும் என்றில்லை!

உடனே வடித்துவிட்டு 10டபிள்யூ-30 ஊற்றுங்கள். டப்பாவின் பின்பக்கம் 'ஜேசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற பைக் ஆயில் தரக் குறியீடு இருக்க வேண்டும். 'எம்பி' என்றிருந்தால் வேண்டாம், அது ஆட்டோமேடிக் ஸ்கூட்டருக்கு. மினரலா சிந்தெடிக்கா என்று ரொம்ப யோசிக்காதீர்கள், இந்த இன்ஜினுக்கு மினரலே போதும்.

தட்டில் ஊறிய பழைய ஆயில் முழுதாகப் போகாது. அதனால் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி இன்னொரு முறை மாற்றினால் நல்லது. கிளட்ச் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறமும் வழுக்கினால் தட்டு தேய்ந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.