முள்ளந்தண்டில் நரம்பு நெரிபடுகிறது: அம்மாவுக்கு ஒப்பரேஷன் செய்யலாமா?

அம்மாவுக்கு 67 வயது, கோணேஸ்வரம் கோயிலுக்கு ஏறும்போது இரண்டு காலும் விறைக்கிறது, குனிந்து நின்றால் குறைகிறது, ஒப்பரேஷன் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குனிந்தால் சுகம் என்பது பெரும்பாலும் நரம்புப் பாதை ஒடுங்கியதன் அடையாளம். குனியும்போது அந்தப் பாதை கொஞ்சம் அகலும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் அதையே காட்டினால், நடக்கவே முடியாத நிலை வந்தால், ஒப்பரேஷனை யோசிக்கலாம். நரம்பை நெரிக்கும் எலும்பையும் தடித்த தசைநாரையும் வெட்டி எடுப்பார்கள். இதில் நன்றாகக் குறைவது கால்வலிதான். நாரி (கீழ்முதுகு) நோ அப்படியே இருக்கலாம். இதைத் தெரியாமல் போகிறவர்கள்தான் பிறகு மனமுடைந்து போகிறார்கள், பாவம். நெடுநாள் விறைப்பும் முழுதாகப் போகாமல் விடலாம்.

கிருமித்தொற்று, நரம்பு உறை கிழிதல் போன்ற ஆபத்துகளும் உண்டு. ஆஸ்பிரின், நீரிழிவு மாத்திரை எதுவானாலும் டொக்டரிடம் முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்த நாளே நடக்க வைப்பார்கள். கொழும்பில் செய்தால், திருகோணமலைக்குத் திரும்பும் வழியில் வாகனத்தை இடையிடையே நிறுத்தி அம்மாவை நடக்க விடுங்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது சில கிழமைகளுக்கு வேண்டாம்.

அப்புறம், சிறுநீர் அடைத்தாலோ, மலவாசலைச் சுற்றி விறைத்தாலோ, கால் திடீரெனச் சோர்ந்தாலோ கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.